ஏடு தேடி அலைந்த கர்னல் மெக்கன்சி

கொங்கு நாட்டை ஆண்ட அரசர்கள் யார் யார்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பழைய தமிழ் நூல் ஒன்று உண்டு. அதன் பெயர் 'கொங்குதேச ராஜாக்கள்'. பாட்டு அல்ல, வசன நடையில் உள்ள வரலாறு.

1950-ம் ஆண்டில் அந்த நூல் அச்சாகி வெளிவந்தது. கோவையில் வக்கீலாக இருந்து, கொங்கு நாட்டுச் சரித்திரத்தை ஆராய்ந்த கோவைகிழார் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் அதைப் பதிப்பித்தார்.

கதையும் கொங்கு நாட்டுக் கதை. பதிப்பித்தவரும் கொங்கு நாட்டுக்காரர். ஆனால், சுவடி மட்டும் கொங்கு நாட்டில் இல்லை! அது சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருந்தது. அதற்கு முன்பு கல்கத்தாவில் இருந்தது. அதற்கும் முன்பு, ஒரு வெள்ளைக்காரரின் சொந்தச் சொத்தாக இருந்தது.

அந்த வெள்ளைக்காரர் தமிழ்ப் புலவர் அல்ல. இந்நாட்டு மொழி எதிலும் அவருக்குப் புலமை கிடையாது. ஆனாலும், தம் வாழ்நாளில் பல ஆண்டுகளை ஏடு தேடுவதில் கழித்தார். அவர்தான் கர்னல் காலின் மெக்கன்சி.

தீவில் பிறந்தவர்

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே லூயிஸ் என்ற தீவு இருக்கிறது. கடல் காற்று ஓயாமல் வீசும் இடம். அங்கே ஸ்டோர்னோவே என்னும் துறைமுக ஊரில் 1754-ம் ஆண்டில் மெக்கன்சி பிறந்தார். அவருடைய தந்தை ஒரு வியாபாரி. மெக்கன்சி வாலிப வயதில் உள்ளூர்ச் சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தார்.

அவருக்குக் கணக்கில் அபார ஆசை. அந்த ஆசைதான் அவரை இந்தியாவின் பக்கம் திருப்பியது. லாகரிதம் என்னும் கணக்கு முறையைக் கண்டுபிடித்தவர் ஜான் நேப்பியர். அவருடைய வம்சத்தில் வந்த நேப்பியர் பிரபு, முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பினார். பழங்கால இந்தியர்களின் கணித அறிவு பற்றித் தகவல் சேகரிக்க மெக்கன்சியை அமர்த்தினார். பிரபு இறந்துவிட்டார். புத்தகம் முடியவில்லை. ஆனால், இந்தியாவைப் பற்றி அறியும் ஆவல் மெக்கன்சியின் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

1783-ம் ஆண்டில், கும்பெனிப் படையில் வேலை பெற்று அவர் சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது வயது ஏறக்குறைய முப்பது.

மதுரையில் விழுந்த விதை

நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர் ஜான்ஸ்டன் அப்போது மதுரையில் குடியிருந்தார். தந்தை விட்டுச் சென்ற வேலையை முடிக்க அவருக்கும் விருப்பம். மதுரையில் இருந்த பண்டிதர்களை அந்த அம்மையார் மெக்கன்சிக்கு அறிமுகம் செய்து வைத்தார். கணக்கு பற்றிக் கேட்கப் போனவர், கோயில், மன்னர்கள், பழைய நூல்கள் என்று பலவற்றையும் கேட்டு வியந்தார். இந்த நாட்டின் வரலாறு பனை ஓலையில் ஒளிந்து கிடக்கிறது என்பதை அங்கேதான் கண்டுகொண்டார்.

ஆனால், அவர் வந்தது ஏடு படிக்க அல்ல, போர் செய்ய. மைசூர்ப் படையோடு கும்பெனி மோதிக்கொண்டிருந்த காலம் அது. கோவை, திண்டுக்கல் சீமைகளில் நடந்த படை வேலைகளில் மெக்கன்சி ஈடுபட்டார். பிறகு என்ஜினீயர் ஆனார். 1791-ல் பெங்களூர், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம், 1793-ல் புதுச்சேரி, 1796-ல் இலங்கை என்று முற்றுகைக்குப் பின் முற்றுகை. ஓரிடத்தில் நிலையாக உட்கார நேரம் இல்லை.

போரையா கிடைத்தார்

1796-ம் ஆண்டில் அவருக்கு ஓர் அரிய துணை கிடைத்தது. ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கட போரையா என்ற தெலுங்கு இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பல மொழி அறிந்தவர். புத்திக் கூர்மை உள்ளவர். எவரிடமும் பக்குவமாகப் பேசிக் காரியத்தை முடிக்கக்கூடியவர். மெக்கன்சிக்கு இந்த நாட்டைத் திறந்து காட்டிய சாவி போரையாதான்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கோவைச் சீமை கும்பெனியின் வசம் வந்தது. மைசூர் நாட்டை அளந்து படம் போடும் வேலை மெக்கன்சிக்குக் கிடைத்தது. சுமார் 40,000 சதுர மைல்! மலை, காடு, ஏரி, ஊர் எல்லாவற்றையும் அளந்தார்கள். அளக்கப் போன இடத்தில் எல்லாம் கல்வெட்டுகளைப் படி எடுத்தார்கள். ஏடுகளைத் தேடினார்கள்.

1803-ம் ஆண்டில் போரையா இளம் வயதிலேயே இறந்துபோனார். மெக்கன்சி துடித்துப் போனார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. போரையாவின் தம்பி லட்சுமையா அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஏடு சேர்ந்த விதம்

மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்து அனுப்புவார். இந்த ஊரை ஆண்டவர் யார்? இந்தக் கோயிலைக் கட்டியவர் யார்? மானியம் விட்டவர் யார்? இப்படிப் போகும் கேள்விகள்.

கர்ணமும், கோயில் பூசாரியும், பாளையக்காரரும் சுலபத்தில் வாய் திறக்கவில்லை. அதில் தவறும் இல்லை. நேற்றுவரை போர். இன்று வந்த கும்பெனியின் ஆள், பழைய சாசனம் இருக்கிறதா என்று கேட்கிறான். கொடுத்தால் மானியம் பறிபோகுமோ, வரி ஏறுமோ என்று பயந்தார்கள். அவர்களுக்கு நயமாக எடுத்துச் சொல்லி நம்பிக்கை ஊட்ட வேண்டியிருந்தது.

சிலர் ஏட்டை விலைக்குக் கொடுத்தார்கள். சிலர் மரியாதைக்காகக் கொடுத்தார்கள். சிலர் கொடுக்க மறுத்தார்கள். அங்கே உட்கார்ந்து பிரதி எழுதிக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொன்ன கதைகளும் எழுதப்பட்டன. பாளையக்காரர்கள் தங்கள் வம்சாவளியைக் கொடுத்தார்கள். 'கொங்குதேச ராஜாக்கள்' சுவடியும், கொங்கு நாட்டுப் பாளையக்காரர் வரலாறுகளும் இவ்வாறே அவருடைய தொகுப்பில் சேர்ந்தன.

இந்த வேலைக்குக் கும்பெனி கொடுத்த பணம் போதவில்லை. மெக்கன்சி தம் சம்பளத்திலிருந்தே ஆட்களுக்குக் கூலி கொடுத்தார். அவர் தம் கையிலிருந்து செலவழித்த தொகை 15,000 பவுனுக்கு மேல் என்று ஹெஸ்டர் அம்மையாரின் மகன் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பிற்காலத்தில் கணக்குச் சொன்னார்.

1811-ல் ஜாவா தீவுக்குப் படையோடு போனபோதும் ஏடு தேடும் பழக்கம் விடவில்லை. மறு ஆண்டு அங்கேயே பெட்ரொனெல்லா என்ற டச்சுப் பெண்ணை மணந்தார். அப்போது மணமகனுக்கு வயது 58!

படம் சொல்லும் கதை

1815-ம் ஆண்டில் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார் மெக்கன்சி. மறு ஆண்டில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அவரைப் படமாகத் தீட்டினார். சிவப்புச் சட்டை அணிந்து கர்னல் நிற்கிறார். அவரைச் சுற்றி இந்தியர் மூவர். ஒருவர் கையில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. இன்னொருவர் கையில் ஓலைச்சுவடி. இந்த மூவர் இல்லாமல் தாம் இல்லை என்று கர்னல் எண்ணினார் போலும்! அந்தப் படம் லண்டனில் இருக்கிறது.

புதிய பதவிக்காக 1817-ல் அவர் கல்கத்தாவுக்குப் போனார். மூட்டை மூட்டையாக ஏடுகளும் கூடவே போயின. எல்லாவற்றையும் வகைப்படுத்தி ஒரு பட்டியல் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை நிறைவேறவில்லை. 1821-ம் ஆண்டு மே மாதம் 8-ம் தேதி அவர் காலமானார். சொந்த ஊரை விட்டு வந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தடவைகூட அவர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிப் போகவில்லை.

லட்சம் ரூபாய்

இனி அந்த ஏடுகள் யாருடையவை? சட்டப்படி விதவை பெட்ரொனெல்லாவின் சொத்து. கும்பெனி சர்க்கார் லட்சம் ரூபாய் கொடுத்து அனைத்தையும் அவரிடமிருந்து வாங்கியது.

வில்சன் என்ற சமஸ்கிருத அறிஞர் பட்டியல் தயாரித்து 1828-ல் வெளியிட்டார். கணக்கைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். இலக்கியச் சுவடிகள் 1,568. ஊர் வரலாறுகள் 2,070. கல்வெட்டுப் பிரதிகள் 8,076. நாணயங்கள் 6,218. ஒரு மனிதர் திரட்டியது இவ்வளவு!

பிறகு பாகப் பிரிவினை நடந்தது. ஒரு பகுதி கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. தென்னாட்டு மொழிச் சுவடிகளில் பெரும் பகுதி சென்னைக்குத் திரும்பியது. லண்டனுக்குப் போன தென்னாட்டுச் சுவடிகளில் சில, தெலுங்கு அறிஞர் சி. பி. பிரௌன் எடுத்த முயற்சியால் பின்னர் சென்னைக்கு வந்தன.

சென்னைக்கு வந்தும் கண்டம் தீரவில்லை. பூச்சி அரித்தது. மை மங்கியது. வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் 1830-களில் அவற்றைச் சோதித்து, சிதைந்துகொண்டிருந்தவற்றைப் புதிய தாளில் பிரதி எடுக்க வைத்தார். 1869-ல் கீழ்த்திசைச் சுவடி நூலகம் ஏற்பட்டபோது, மெக்கன்சியின் ஏடுகள் அதற்கு அடிப்படைச் செல்வங்களில் ஒன்றாயின.

இந்தக் கதையில் ஒருவருக்கு மட்டும் நியாயம் கிடைக்கவில்லை. அவர் லட்சுமையா. எசமானர் இறந்த பிறகு, ஏடு தேடும் வேலையைத் தாமே நடத்துவதாகச் சர்க்காரிடம் கேட்டார். ஓர் இந்தியரால் அந்த ஆராய்ச்சியைத் தலைமை தாங்கி நடத்த முடியாது என்று கல்கத்தா அறிஞர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஏடுகளைத் தேடிப் பிடித்ததே இந்தியர்கள்தான் என்பது அவர்களுக்கு நினைவில்லை!

பிழைத்தது எப்படி?

ஏடு கைமாறும் கதை நம் நாட்டில் மட்டும் நடந்தது அல்ல. பிரான்ஸ் நாட்டில் சுமார் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, பதப்படுத்திய தோலில் கையால் எழுதி, தங்கத் தகடு ஒட்டி, வண்ணப் படம் தீட்டிய பிரார்த்தனைப் புத்தகங்களைப் பிரபுக்கள் வைத்திருந்தார்கள். அவையும் பல கை மாறின. பிற்காலத்தில் சில வியாபாரிகள் லாபத்துக்காக அப்படிப்பட்ட புத்தகங்களைப் பிரித்து, ஒவ்வோர் ஏடாக விற்றார்கள். ஒரே புத்தகத்தின் ஏடுகள் பல தேசங்களில் சிதறிக் கிடக்கின்றன.

நமது ஓலையில் தங்கம் இல்லை. எழுத்தாணிக் கீறலும், அதில் தேய்த்த கரியும்தான். அதை அறுத்து விற்க ஆள் இல்லை; ஆனால் காப்பாற்றவும் ஆள் குறைவு. பனை ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகளே. பிரதி எடுக்காவிட்டால் அழிந்துபோகும். படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாதபோது, பழைய ஏடு பரணில் செல்லரித்தது, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிற்று, அடுப்பிலும் எரிந்தது.

'கொங்குதேச ராஜாக்கள்' சுவடி அப்படிப் போகாமல் தப்பியது. அதில் உள்ள எல்லாமே உண்மை என்று சொல்ல முடியாது. கல்வெட்டையும் செப்பேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், அதில் பிழைகளும் இருப்பதைக் கண்டார்கள். ஆனால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தச் சுவடி கையில் இருக்க வேண்டும் அல்லவா?

மெக்கன்சி தேசத்தைப் பிடித்த படையோடு வந்தவர். அதை மறக்க வேண்டியதில்லை. அவர் கொண்டுபோன ஏடு, கொடுத்த வீட்டுக்குத் திரும்பி வரவும் இல்லை. கொடுத்த கர்ணங்களில் பலர் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால், அவர் சேர்த்தவற்றை லட்சுமையா காத்தார். டெய்லர் பிரதி எடுக்க வைத்தார். கோவைகிழார் அச்சேற்றினார். இத்தனை பேர் கை மாறி, நூற்றைம்பது ஆண்டுக்குள் அது கொங்கு மக்களிடம் புத்தகமாகத் திரும்பி வந்தது.

பழைய ஏடோ, பத்திரமோ, தாத்தா எழுதி வைத்த நோட்டோ பல வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் தூங்குகிறது. எழுத்துப் புரியவில்லை என்று அதை எறிந்துவிடக் கூடாது. மெக்கன்சிக்கும் அந்த எழுத்துப் புரியவில்லை. ஆனால், அதன் மதிப்பு புரிந்தது. படிக்கத் தெரிந்தவர் வரும் வரையில் அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.