சோழவரத்தில் சீறிய கார்கள்... மாருதி 800-ஐ ரேஸ் காராக்கிய கோவைக்காரர்! யார் இந்த கரிவரதன்?

ரெட்ஹில்ஸ் தாண்டி கும்மிடிப்பூண்டி பக்கம் போகும்போது சோழவரம் வரும். இன்னைக்கு அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்தான் கண்ணில் படும். ஆனால் ஒரு காலத்தில் நாட்டின் முன்னணி கார் ரேஸர்கள் எல்லாம் ஒன்றுகூடிய இடம் இது. அங்கே பேர் வாங்கியவர்களில் முக்கியமானவர் எஸ்.கரிவரதன். ரசிகர்களுக்குச் சுருக்கமாக 'கரி'.

ஏர்ஸ்ட்ரிப் எப்படி ரேஸ் டிராக் ஆனது?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுதளம்தான் சோழவரம். போர் முடிந்த பிறகு சும்மா கிடந்த அந்த இடத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தத் தொடங்கியது. அப்போது திருவள்ளூர் தனி மாவட்டமே கிடையாது. அது பிரிக்கப்பட்டது 1997-ல்தான்.

வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதி இருந்தவர்கள் அதைக் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள்? பழைய அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் கார்களைப் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினை மாற்றி ஓட்டினார்கள். அமெரிக்காவில் 'ஹாட் ராட்' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

கரி செய்தது என்ன?

கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர் கரிவரதன். சொந்தமாக ஒரு நல்ல கார் வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் கவனம் வேறு இடத்தில் இருந்தது. ரேஸ் என்பது பணக்காரர் விளையாட்டாகவே இருந்தால், திறமை இருக்கிற பசங்க எப்படி உள்ளே வருவார்கள்?

அதற்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் ஃபார்முலா மாருதி. தெருவுக்குத் தெரு ஓடிய மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து, ஒற்றை சீட் ரேஸ் காரை கோவையிலேயே உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால், ஜெயிப்பது பணமா, ஓட்டுநரா என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போனது. ஸ்பேர் பார்ட்ஸ் உள்ளூர் கடையிலேயே கிடைத்தது.

குடும்ப காரை ரேஸ் கார் ஆக்குவது ஈஸியா?

இல்லவே இல்லை. வேகம் கூட்டுவதைவிட, அந்த வேகத்தில் கார் சொன்ன பேச்சைக் கேட்க வைப்பதுதான் கஷ்டம். அங்கேதான் முன்பக்க ஸ்டீரிங் இணைப்பு வருகிறது.

* வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். இதன் பெயர் ஆக்கர்மன் அமைப்பு. குதிரை வண்டி காலத்தில் மியூனிக்கைச் சேர்ந்த லாங்கன்ஸ்பெர்கர் உருவாக்கியது; 1818-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஸ்டீரிங் ஆர்மை இஷ்டத்துக்கு முன்பின் மாற்றி மாட்டினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

* பள்ளம் மேட்டில் சக்கரம் மேலும் கீழும் போகும்போது, டை ராடும் சஸ்பென்ஷன் ஆர்மும் ஒத்த பாதையில் அசைய வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், கையை அசைக்காமலேயே கார் தானாகத் திரும்பும். காரின் உயரத்தை ஏற்றினாலோ இறக்கினாலோ இந்தப் பிரச்னை வர வாய்ப்பு அதிகம்.

* ஸ்டீரிங் ஆர்ம், டை ராடு போன்றவற்றைச் சூடு காட்டி வளைப்பதும், வெட்டி வெல்டிங் வைப்பதும் உயிரோடு விளையாடுவது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே உலோகம் பலம் இழந்திருக்கும்.

* பால் ஜாயின்ட் நட்டில் ஸ்ப்ளிட் பின் கட்டாயம். கடைசியாக, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயரோ ராடோ எங்கேயும் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

கரி இல்லாத பிறகு...

1995 ஆகஸ்டில் விமான விபத்தில் கரிவரதன் இறந்தபோது அவருக்கு வயது 41. சோழவரத்தில் பந்தயம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. கிளப்பின் நிரந்தர டிராக் 1990-லேயே இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

ஆனால் அவர் போட்ட விதை முளைத்தது. அவர் ஊக்கம் கொடுத்து வளர்ந்த கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், முதலில் ஓட்டியது ஃபார்முலா மாருதி. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அடுத்து அந்த இடத்துக்கு வந்த சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் டிராக்குக்கு, கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரே வைக்கப்பட்டது.

நமக்கு இதில் என்ன?

இன்றும் பழைய ஜீப், அம்பாசடரை வாங்கி மாற்றியமைக்கும் ஆசை பலருக்கு உண்டு. ஆசையில் தப்பில்லை. ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. பொது ரோட்டில் ரேஸ் விடுவது பிரிவு 189-ன் கீழ் குற்றம். கரி காரை மாற்றியமைத்தார், வேகமாகவும் ஓட வைத்தார். ஆனால் அந்த வேகத்துக்கு டிராக் என்று தனி இடம் இருந்தது. ஜி.என்.டி. ரோடு அந்த இடம் இல்லை.