வாலில்லாத தேளைத் தேடிய பாதிரியார்

தேள் என்றதும் நாம் காலைத் தூக்கிக் கொள்கிறோம். ஆனால் கொட்டாத தேளும் உலகில் உண்டு. அதன் பெயர் போலித் தேள்.

அது பெரும்பாலும் அரிசி மணியை விடச் சிறியது. எட்டுக் கால்கள், இடுக்கி போன்ற இரண்டு கைகள் உண்டு. வாலும் இல்லை, கொடுக்கும் இல்லை. மரப்பட்டை, பாசி, உதிர்ந்த சருகு இவற்றின் அடியில் வாழும். நுண்ணிய பூச்சிகளைத் தின்னும். ஈயின் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவதும் உண்டு!

1758-ல் இதற்குப் பெயர் வைத்த லின்னேயஸ், இதை உண்ணி இனத்தோடு சேர்த்துவிட்டார். இதைப் பின்னர் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஒரு கிராமத்துப் பாதிரியார்.

அவர் பெயர் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தில் டார்செட் ஜில்லாவில் உள்ள ப்ளாக்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் 1828-ல் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பாதிரியார். மகன் முதலில் சட்டம் படித்தார். மனம் ஒட்டவில்லை. மதப் படிப்பு முடித்து, 1860-ல் சொந்த ஊருக்கே திரும்பினார். 1868-ல் தந்தையின் பதவி அவருக்கு வந்தது. சாகும் வரை அங்கேயே இருந்தார்.

கோயில் வேலை போக மீதி நேரமெல்லாம் சிலந்திகளுக்கும் அவற்றின் உறவினங்களுக்குமே! இரண்டு பூச்சிகள் ஒன்றுபோல் தோன்றும். கண் எத்தனை, கை எவ்வளவு நீளம் என்று பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் வேறு வேறு இனம் என்று தெரியும். இப்படிப் பொறுமையாகப் பார்த்து, 1892-ல் பிரிட்டனின் போலித் தேள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். டார்செட் இயற்கை ஆராய்ச்சிச் சங்கம் அதை வெளியிட்டது.

பெயர் வைப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். 1877-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு சிலந்தியின் உடலைப் பார்த்து, அவர் அதற்குப் பெயர் வைத்தார். அதுதான் ஆளைக் கொல்லும் சிட்னி சிலந்தி. அதன் விஷத்துக்கு 1981-ல் மாற்று மருந்து வந்தது. எது விஷம், எது சாது என்று பிரித்தறிந்த பிறகுதானே மருந்து தேட முடியும்?

1887-ல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1917-ல் 88-வது வயதில் காலமானார். அவர் சேர்த்த பூச்சிகள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றன.

இன்று சுமார் நாலாயிரம் வகைப் போலித் தேள்கள் தெரிந்திருக்கின்றன. பெயர் வைக்கப்படாதவை இன்னும் பல. மரத்தை வெட்டினால் அதன் பட்டையில் குடியிருப்பதும் போய்விடும். பெயர் தெரியாதது போனால், போனதே நமக்குத் தெரியாது.

அடுத்த முறை மரப்பட்டையில் வாலில்லாத குட்டித் தேளைக் கண்டால் நசுக்காதீர்கள். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.