கள்ளிக்குத் தோட்டம் போட்ட டாக்டர்

கண்டரமாணிக்கம், காரைக்குடி போன்ற வறண்ட ஊர்களில் சப்பாத்திக்கள்ளியைத் தெரியாதவர் இருக்க முடியாது. மாடு மேய்க்கும் பிள்ளைகள் அதன் சிவந்த பழத்தைக் குச்சியால் தட்டுவார்கள். மண்ணில் புரட்டிச் சுணையைப் போக்குவார்கள். உள்ளே இருக்கும் முள்ளை எடுத்து எறிந்துவிட்டுத் தின்பார்கள். நாக்கும் உதடும் சிவந்துவிடும்!

இந்தக் கள்ளி நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. இதே இனத்துக் கள்ளி ஒன்றுக்காகச் சென்னையில் ஒரு டாக்டர் தோட்டமே போட்டார். அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

ஆண்டர்சன் 1738-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். வைத்தியம் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து, கம்பெனி டாக்டர்களுக்கெல்லாம் தலைவர் ஆனார். ஆனாலும் அவர் மனம் செடி கொடிகளில்தான் இருந்தது. பட்டுப்பூச்சி வளர்க்க முசுக்கட்டைச் செடி நட்டார். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் அவருக்கு இருந்தது. அதுதான் சிவப்புச் சாயம்.

அந்தக் காலத்தில் உயர்ந்த சிவப்புச் சாயம் மெக்சிகோவில் இருந்துதான் வந்தது. அங்கே நோபால் என்ற கள்ளியில் "கொச்சினீல்" என்ற சின்னஞ்சிறு பூச்சியை வளர்ப்பார்கள். பூச்சியைக் காயவைத்துச் சாயம் எடுப்பார்கள். ஒரு ராத்தல் சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்! மெக்சிகோ அப்போது ஸ்பெயின்காரர் கையில் இருந்தது. பூச்சியை வெளியே விடாமல் அவர்கள் காவல் காத்தார்கள்.

அதைச் சென்னையில் வளர்த்துவிடலாம் என்று ஆண்டர்சன் நம்பினார். 1786 முதல் சீமைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து நோபால் செடி கப்பலில் வந்தது. சைதாப்பேட்டையில் தோட்டம் உருவாயிற்று. அவருடைய மருமகன் முறையான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்துக்கொண்டார்.

கள்ளியை விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் விதையின் ஓடு கடினம். முளைக்க வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். முளைத்தாலும் தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. மடலை வெட்டி, நிழலில் சில நாள் காயப்போட்டு நட்டால் சீக்கிரம் வேர் விடும். அதே குணமும் இருக்கும்.

செடி வந்தது. பூச்சி?

1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசில் நாட்டில் இருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. ஆனால் அது மட்டமான காட்டுப் பூச்சி. அருமையாக வளர்த்த நோபாலை விட்டுவிட்டு, வேலியில் கிடந்த கள்ளியில்தான் அது செழித்தது! சாயமும் மட்டம். இத்தனை வருஷப் பாடும் வீண்.

டாக்டர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. கப்பல்காரர்களுக்குக் காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் வரும். பல் ஈறு வீங்கும், ரத்தம் வடியும். வெட்டிய நோபால் மடலோ பல நாள் வாடாது. அதைக் கப்பலில் கறியாகச் சமைக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். வைத்தியருக்கு உரிய யோசனை!

1809 ஆகஸ்டில் சென்னையிலேயே ஆண்டர்சன் காலமானார். செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவர் வெறுத்துப்போன பூச்சிக்கு மட்டும் பின்னால் யோகம் அடித்தது. 1830-களில், தென்னாட்டு நிலங்களை அடைத்துக் கிடந்த ஒரு வகைக் கள்ளியை அழிக்க அதையே கொண்டுவந்து விட்டார்கள். அது தின்று தீர்த்தது. நம் சப்பாத்திக்கள்ளியை மட்டும் அது தொடவில்லை. அதற்காக 1926-ல் இலங்கையில் இருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி வந்தது. புதர் புதராகக் கள்ளி சரிந்தது.

மெக்சிகோவிலும் சிசிலித் தீவிலும் கள்ளிப் பழத்தைத் தோட்டப் பயிராகவே வளர்த்துச் சந்தையில் விற்கிறார்கள். நம் நாட்டில் ஜோத்பூர் வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தார் முள்ளில்லாக் கள்ளியை, முக்கியமாக மாட்டுத் தீவனத்துக்காக, வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களும் மடலைத்தான் நடுகிறார்கள்.