நூலகத் தந்தை அரங்கநாதன்

பள்ளி நூலகர் என்றதும் நம்மிற் பலரது மனக்கண்முன் தோன்றுபவர், பூட்டிய அலமாரியின் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவரே. நூல் தொலையாமற் காப்பதே அவர் பணி என உலகம் எண்ணி வந்தது. அவ்வெண்ணத்தை மாற்றவே தம் வாழ்நாளைச் செலவிட்ட பேரறிஞர் சீ. இரா. அரங்கநாதன் ஆவார்.

அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களில் கல்லூரி ஆசிரியராய் விளங்கினார். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானார். மாணவர் சூழ வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப விழைந்தார். இலண்டனில் பயிற்சி பெற்ற பின்னும் மனம் ஒன்றாவிடில் திரும்பலாம் என்ற ஏற்பாட்டின் மீதே கப்பலேறினார்.

ஆனால், அங்கே பொது நூலகங்களில் சிறுவரும் தொழிலாளரும் உரிமையுடன் நுழைவதையும், நூலகர் அவர்க்கு வழிகாட்டுவதையும் கண்டார். நூலகரும் ஓர் ஆசிரியரே எனத் தெளிந்தார். பின்னர் அவர் வகுப்பறையை நாடவில்லை.

1925-இல் தாயகம் மீண்டவர், நூலடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதை முதலாகக் கொண்ட ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களை நாடிச் சென்றது. 1933-இல் அவருடைய கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. 1942-இல் பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

நம்மைப் போன்றே அவரும் பிழைப்பிடம் பெயர்ந்தவர். 1945-இல் காசி இந்துப் பல்கலைக் கழகம் சென்று, ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களை வகைப்படுத்தினார். 1947 முதல் தில்லிப் பல்கலைக் கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். அவர் நெடுங்காலம் பாடுபட்ட பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு வழங்கி, துணைவியார் சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். 1972-இல் பெங்களூரில் மறைந்தார். பள்ளி நூலகம் பற்றிய அவருடைய மற்றொரு நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

ஆகஸ்டு 12 இன்று நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கணிப்பொறி வந்துவிட்டது, இனி நூலகர் எதற்கு என்போரும் உளர். செய்தி பெருகப் பெருக, நல்லது இதுவென்று பிள்ளைக்குக் காட்டுவோரின் தேவையும் பெருகுமன்றோ? நம் குழந்தைகளின் பள்ளிக்குச் செல்லும்போது, மதிப்பெண்ணைக் கேட்பதோடு நில்லாமல், நூலகரையும் ஒருமுறை கண்டு வருவோமாக. அலமாரி திறந்திருக்கிறதா என்றும் பார்த்து வருவோமாக.