‘பாப்’ என்பது யாருடைய பெயர்?

மாஸ்டர் ஹெல்த் செக்அப் பட்டியலில் ‘பாப் ஸ்மியர்’ என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுபவர்கள் நம்மில் அதிகம். அதில் உள்ள ‘பாப்’ ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம். முழுப் பெயர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய வழிகாட்டியவர். அவர் வாழ்க்கையையும் அவர் மனைவியின் பங்கையும் தெரிந்துகொண்டால், இந்தப் பரிசோதனை யாருக்காக என்பது உங்களுக்கே விளங்கும்.

1883-ல் கிரேக்க நாட்டின் யூபியா தீவில், கிமி என்ற கடலோர ஊரில் பிறந்தார் ஜார்ஜ். அப்பா டாக்டர், ஊருக்கு மேயராகவும் இருந்தவர். மகனும் ஏதென்ஸில் மருத்துவம் படித்து 1904-ல் டாக்டரானார். ஆனால் ஊரில் கிளினிக் வைத்து உட்கார அவருக்கு மனமில்லை. ஆராய்ச்சியில்தான் நாட்டம். ஜெர்மனிக்குப் போய் 1910-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு ஆண்ட்ரோமகியைத் திருமணம் செய்துகொண்டார். மொனாக்கோ இளவரசரின் கடல் ஆராய்ச்சிக் கப்பலில் சில காலம் வேலை பார்த்தார். பால்கன் போரில் ராணுவ டாக்டராகவும் இருந்தார்.

1913 அக்டோபரில் கணவனும் மனைவியும் நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். கையில் அதிகப் பணமில்லை, ஆங்கிலமும் தெரியாது. இரண்டு பட்டங்கள் வைத்திருந்தவர் ஒரு பெரிய கடையில் தரைவிரிப்பு விற்க நின்றார். அதே கடையில் மனைவி பொத்தான் தைத்தார். அடுத்த ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜுக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ஆண்ட்ரோமகியும் அங்கேயே அவருக்கு உதவியாளரானார், சம்பளம் இல்லாமல்.

அங்கே அவருக்குக் கினிப் பன்றிகளின் கருமுட்டை தேவைப்பட்டது. முட்டை எந்த நாளில் வெளிவரும் என்று தெரியாததால், விலங்குகளைக் கொன்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. ஜார்ஜ் வேறு வழி யோசித்தார். பிறப்புறுப்பிலிருந்து சிறிது திரவத்தை எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் செல்களின் வடிவம் மாறியது. 1917-ல் இது கட்டுரையாக வெளிவந்தது.

பெண்களுக்கும் இப்படித்தானா என்பது அடுத்த கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள, நோய் எதுவும் இல்லாத ஒரு பெண் நாள் தவறாமல் மாதிரி தர வேண்டும். முன்வந்தவர் ஆண்ட்ரோமகிதான். ஒரு வாரம், ஒரு மாதம் அல்ல. சுமார் 20 ஆண்டுகள் அவர் மாதிரி தந்தார். ஆரோக்கியமான செல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்டுப்போன செல்லைப் பிரித்தறிய முடியும்? அந்த அளவுகோலைக் கொடுத்தது அவருடைய உடல்.

பிறகு மருத்துவமனைப் பெண்களின் மாதிரிகளையும் பார்க்கத் தொடங்கியபோது, சில ஸ்லைடுகளில் விகாரமான செல்கள் தென்பட்டன. அவை கருப்பை வாய்ப் புற்றுநோய் செல்கள். 1928-ல் ஒரு மாநாட்டில் இதை அறிவித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ருமேனியாவில் அவுரேல் பாபேஷ் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் மருத்துவ உலகம் அசையவில்லை. சதையை வெட்டிப் பரிசோதிக்கும் வழி இருக்கும்போது இது எதற்கு என்பதே பலரின் எண்ணம். ஜார்ஜ் சண்டை போடவில்லை. ஸ்லைடுகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஹெர்பர்ட் டிராட் என்ற மகளிர் நோய் மருத்துவருடன் சேர்ந்து நிறைய பெண்களிடம் இதைச் செய்துபார்த்தார். 1941-ல் கட்டுரையும் 1943-ல் புத்தகமும் வந்தன. வெளியில் எந்த அறிகுறியும் இல்லாத பெண்களிடம்கூட இந்தச் சோதனை நோயைக் காட்டிக்கொடுத்தது. அதன்பின் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பரிசோதனை பரவலான நாடுகளில் இந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1962 பிப்ரவரியில் மாரடைப்பால் காலமானார். பின்னாளில் கிரேக்க நாடு தன் 10,000 டிராக்மா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? 2022-க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது அவசரமாக வரும் நோய் அல்ல. பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. மிகச் சாதாரணமான தொற்று. பலருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, செல்களை மெல்ல மாற்றும். அது புற்றுநோயாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தனை ஆண்டுகளும் வலி இருக்காது, அறிகுறி இருக்காது. எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று நீங்கள் தள்ளிப்போடுவதும் அந்த ஆண்டுகளில்தான்.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. அங்கே 30 முதல் 59 வயது வரையான கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் இன்னும் எளிய ஒரு சோதனையைச் செய்தார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் அது. ஒரே ஒரு முறை செய்ததிலேயே, சோதனை நடக்காத கிராமங்களைவிட இந்த நோயால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளியான ஆய்வு இது.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். 30 வயதைத் தாண்டியிருந்தால் மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள். பாப் ஸ்மியர் என்றால் பொதுவாக 3 ஆண்டுக்கு ஒரு முறை, எச்.பி.வி. சோதனை என்றால் இடைவெளி இன்னும் அதிகம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். லேசான அசௌகரியம் இருக்கலாம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தாலோ, அடுத்த செக்அப் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் பின்னாளில் பரிசோதனை தேவை.

இன்னொன்று. நம் வீடுகளில் சமையல் வேலை, பாத்திர வேலை செய்யும் அக்காக்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். அதற்காக அவர்கள் அரை நாள் லீவு கேட்டால், சம்பளம் பிடிக்காமல் கொடுத்து அனுப்புங்கள்.