துணைவேந்தர் இலட்சுமணசாமி

1965ஆம் ஆண்டில் தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் அவ்வூரில் அரசு கலைக்கல்லூரியும் தோன்றிற்று. அங்குப் பயின்றோர்க்குரிய பாடத்திட்டம், தேர்வு, பட்டம் யாவும் ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாயின. அதன் துணைவேந்தராக அப்போது வீற்றிருந்தவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். அவர் அப்பொறுப்பை ஏற்று 23 ஆண்டுகள் கடந்திருந்தன.

இலட்சுமணசாமி 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் பிறந்தார். உடன்பிறந்த இரட்டையரான இராமசாமி பின்னாளில் மைசூர் அரசின் திவானானார். இலட்சுமணசாமியோ மருத்துவம் பயின்று மகப்பேற்று மருத்துவத்தில் பெயர் பெற்றார். அத்துறைக்கு அவர் எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்க்கு வழிகாட்டியது. 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். மூன்றாண்டுகளில் துணைவேந்தர் பதவி அவரைத் தேடி வந்தது.

தமிழ் மாவட்டங்களின் கல்லூரிகளோடு மலபார், தென்கன்னடக் கல்லூரிகளும் அன்று அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதிலேயே ஒரு துணைவேந்தரின் காலம் கழிந்துவிடக்கூடும். கழிந்தாலும் குறை சொல்வார் இலர். இலட்சுமணசாமி அதனோடு நிற்கவில்லை. அழகப்பச் செட்டியாரின் கொடையைப் பெற்று 1944இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழச் செய்தார். மதுரையில் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் ஒன்று அமைந்தது. 1966இல் அதுவே தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

அவருடைய ஆளுமையை நன்கு காட்டுவது 1952ஆம் ஆண்டு நிகழ்ச்சி. இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்குமாறு அவர் சர் சி. வி. இராமனை அழைத்தார். இராமன் அதனை ஏற்காது, தம் மாணவர் கோ. நா. இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். அவருக்கு அகவை முப்பதுகூட நிறைந்திருக்கவில்லை. மூத்தோர் பலர் இருக்க, இளைஞர் ஒருவரிடம் துறையை ஒப்படைப்பது எளிய முடிவன்று. நோபல் பரிசு பெற்றவரை எதிர்பார்த்திருந்த இடத்தில் இளைஞரை அமர்த்தினார் இலட்சுமணசாமி. அமர்த்தியபின் அவர் ஆய்வுக்கு வேண்டியன செய்தார். கிண்டி வளாகத்தை அடுத்திருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆய்வுப் பொருள் கிடைத்தது. தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாசன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவினது என்பதை 1954இல் இராமச்சந்திரன் குழு உலகிற்கு அறிவித்தது. புரத வடிவங்களை ஆய்வோர் இன்றும் அவர் பெயரால் அமைந்த வரைபடத்தைப் பயன்படுத்துகின்றனர்.

மேலாளர் ஆற்றும் பணிகளை மக்களோடு பழகுதல், செய்தியைப் பெற்றுப் பரப்புதல், முடிவெடுத்தல் என மூவகைப்படுத்திப் பத்துப் பங்குகளாக விரித்தார் கனடா நாட்டு அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க். அவர் நூல் வெளிவந்தது 1973இல். இலட்சுமணசாமி அதற்கு முன்பே இம்மூன்றையும் ஒரே இருக்கையில் செய்து முடித்திருந்தார். கொடையாளரையும் அறிஞரையும் அணுகியது முதல்வகை. இராமன் சொல்லைக் கேட்டறிந்தது இரண்டாவது. இளைஞரை நியமித்தது மூன்றாவது; முன்னிரண்டும் இதற்காகவே அமைந்தன எனலாம்.

பல்கலைக்கழகத்திற்கு வெளியிலும் அவர் பணி விரிந்தது. 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்து, தொழிற்பிரிவுகளும் உடைய பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தார். 1961இல் புதுதில்லியில் கூடிய உலக நலவாழ்வுப் பேரவைக்குத் தலைவரானார். 1963இல் பத்மவிபூஷண் விருது பெற்றார்.

27 ஆண்டுகள் ஒருவரே தலைமை வகித்ததன் மறுபக்கமும் உண்டு. துறைகள் பலவும் அலுவலக விதிகளைவிட அவர் ஆதரவையே மிகுதியும் நம்பியிருந்தன. 1969இல் அவர் பதவியிலிருந்து விலகினார். அடுத்து வந்த ஆண்டுகளில் இராமச்சந்திரனும் சென்னையை நீங்கிப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை உருவாக்கினார். சென்னையில் அவருடைய மாணவர்கள் ஆய்வைத் தொடர்ந்தனர். இலட்சுமணசாமி 1974 ஏப்ரல் 15 அன்று மறைந்தார். தரமணியில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் பட்டமேற்படிப்பு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.