மரண தண்டனையே கூடாது என்றவர்... கில்லட்டினை நம்பியது ஏன்? யார் இந்த ரோபஸ்பியர்?

1791 மே மாதம். பிரான்ஸின் தேசிய அவையில் 33 வயது வக்கீல் ஒருவர் எழுந்தார். மரண தண்டனையை அடியோடு ஒழிக்கணும் என்று பேசினார். நீதிபதியும் மனுஷன்தானே, தப்பாகத் தீர்ப்பு சொல்லிவிட்டால் போன உயிரைத் திருப்பித் தர முடியுமா என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. அவை அதை ஏற்கவில்லை.

அவர்தான் மாக்சிமிலியன் ரோபஸ்பியர்.

1758-ல் அராஸ் நகரில் பிறந்தவர். ஆறு வயதில் அம்மா இறந்துபோக, அப்பாவும் பிள்ளைகளை விட்டுப் போய்விட்டார். உதவித்தொகையில் பாரிஸில் படித்து வக்கீலானார். ஏழைகளுக்கும் ஓட்டுரிமை கேட்டவர். லஞ்சம் பக்கமே போகாதவர் என்று பெயர். பாரிஸில் ஒரு தச்சு வேலைக்காரர் வீட்டில்தான் குடியிருந்தார்.

அப்புறம் எங்கே மாறியது?

1792 டிசம்பரில், மன்னர் 16-ம் லூயி சாகவேண்டும் என்று பேசியதே முதல் திருப்பம். மரண தண்டனை தப்புதான், ஆனால் மன்னர் மட்டும் விதிவிலக்கு என்றார். விதிவிலக்கு ஒன்றோடு நிற்கவில்லை.

1793-ல் நிலைமையும் மோசம். வெளியே ஆஸ்திரியா, பிரஷ்யா, பிரிட்டனுடன் போர். உள்ளே வாந்தே பகுதியில் கிளர்ச்சி, பாரிஸில் ரொட்டித் தட்டுப்பாடு. அந்த ஆண்டு ஜூலை 27-ல் ரோபஸ்பியர் பொதுப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தார். செப்டம்பரில் வந்த சட்டப்படி, சந்தேகம் இருந்தாலே கைது. நாடு முழுக்க சுமார் 3 லட்சம் பேர் பிடிபட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மரண தண்டனை பெற்றவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். இத்தனைக்கும் அவர் ஒருத்தரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குழுவில் மற்றவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

ஆனால் கமில் தேமூலன் விஷயத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. கூடப் படித்த நண்பர். அவர் கல்யாணத்துக்கு ரோபஸ்பியர்தான் சாட்சி. பயங்கர ஆட்சி போதும், கருணை காட்டுங்க என்று தன் பத்திரிகையில் எழுதினார் தேமூலன். 1794 ஏப்ரல் 5-ல் தாந்தோனுடன் சேர்த்து அவர் தலையும் வெட்டப்பட்டது. எட்டே நாளில் மனைவி லூசிலும் கொல்லப்பட்டார்.

ஜூன் 10-ல் வந்த சட்டம் இன்னும் கொடூரம். குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. சாட்சி விசாரணை கட்டாயமில்லை. ஒன்று விடுதலை, இல்லையென்றால் மரணம், அவ்வளவுதான். நீதிபதி தவறலாம் என்று வாதாடியவர்தான் இதற்குப் பின்னால் நின்றார். அடுத்த ஏழு வாரத்தில் பாரிஸில் மட்டும் சுமார் 1,400 பேர் கில்லட்டினுக்குப் போனார்கள்.

ஜூலை 26-ல் அவையில் பேசிய ரோபஸ்பியர், சதிகாரர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்றார். யார் என்று பெயர் சொல்லவில்லை. அதுதான் வினையானது. அடுத்தது நாமோ என்று எல்லோருக்கும் பயம். மறுநாளே அவரைக் கைது செய்ய அவை முடிவெடுத்தது. குழுவில் சேர்ந்து சரியாக ஒரு வருஷம்.

அன்றிரவு நடந்த களேபரத்தில் குண்டு பாய்ந்து தாடை உடைந்தது. சுட்டது அவரேவா, காவலரா என்பதில் இன்றும் சர்ச்சை. சட்டப் பாதுகாப்பு இல்லாதவர் என்று அவை ஏற்கெனவே அறிவித்துவிட்டதால், ஜூலை 28-ல் விசாரணையே நடக்கவில்லை. நீதிமன்றத்தில் ஆள் அவர்தானா என்று மட்டும் உறுதி செய்தார்கள். வண்டி அவர் குடியிருந்த வீதி வழியாகவே போனது. மன்னர் கொல்லப்பட்ட அதே சதுக்கத்தில், 21 பேருடன் அவர் தலையும் விழுந்தது. வயது 36.

மறுநாள் அவரது ஆதரவாளர்கள் சுமார் 70 பேர் அதே கில்லட்டினுக்குப் போனார்கள்.